வேலூர் வெயிலில் பட்டர் கிரீம் டிசைன் போடப் போகிறவர்களுக்கு

போன வருஷம் கத்திரி நடுவில் ஒரு நிச்சயதார்த்தத்துக்கு இரண்டு கிலோ கேக் ஒப்புக்கொண்டேன். நான் இருப்பது சத்துவாச்சாரி, விழா குடியாத்தத்தில். பெண்ணுக்கு எடுத்தது ஆரணிப் பட்டு. அந்த அரக்குக் கரையைப் போலவே கேக்கின் பக்கவாட்டில் கோடு வேண்டும், மேலே இதழ் இதழாக வேண்டும் என்று படம் அனுப்பினார்கள். பகல் 12 மணிக்கு வேலை முடிந்தபோது பார்க்க அழகாகத்தான் இருந்தது. மூன்று மணிக்கு வாடகைக் காரில் கிளம்பினோம். பள்ளிகொண்டா சுங்கச்சாவடியில் நின்றபோது பெட்டியைத் திறந்து பார்த்தால், மேலிருந்த இதழ்கள் பக்கவாட்டுக் கோடுகள் மேல் வழிந்து, அரக்கும் சந்தனமும் கலந்து செங்கல் நிறத்தில் ஒரு குழம்பு. மண்டபத்தில் பெண்ணின் அத்தை ஒருத்தர் எட்டிப் பார்த்துவிட்டு, "இன்னாம்மா, கேக்கு அழுதுகினு இருக்குது?" என்றார். கேக்கு மட்டுமா அழுதது.

முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தேன். பொருளுக்கு 1,380 ரூபாய், காருக்கு 900. அதற்கு முன்பு ஆசையாக வாங்கிய 24 நாசில் (கிரீம் பிழியும் பையின் முனையில் மாட்டும் குழல்) செட்டும் சுழல் தட்டும் 1,450. ஆக 3,730 ரூபாய் போய், ஒரு குடும்பத்தின் விழாப் படத்தில் கேக் இல்லாமலும் போனது. அடுத்த நான்கு சனிக்கிழமைகள் உட்கார்ந்து எங்கே தப்பு என்று தேடியதில் தெரிந்தது இதுதான்: நாசில் செட் இல்லாமலே அந்த டிசைன் முழுவதையும் போட்டிருக்கலாம். ஆனால் கிரீமின் சூட்டைக் கவனிக்காமல் எந்தக் கருவி வைத்திருந்தாலும் அது நின்றிருக்காது. யாராவது முன்னாடியே சொல்லியிருந்தால் 3,730 ரூபாய் மிச்சம்.

முதலில் சூட்டுக் கணக்கு. வெண்ணெய் 18 முதல் 21 டிகிரிக்குள் விரலால் அழுத்தினால் பள்ளம் விழும், ஆனால் பளபளக்காது. கிரீம் அடிக்க அதுதான் பதம். 32 முதல் 35 டிகிரியில் முழுசாக உருகிவிடும். அன்றைக்குப் பகலில் என் சமையலறையில் வெப்பமானி 37 காட்டியது. ஆக நான் வரைந்தது கிரீமில் இல்லை, உருகக் காத்திருந்த நெய்யில். சமையல் குறிப்புகளில் வரும் 'அறை வெப்பநிலை வெண்ணெய்' என்பது குளிர்நாட்டு அறை. நம் ஊரில் மே மாதத்தில் வெண்ணெயை வெளியே வைத்து 'அறை வெப்பநிலைக்கு' கொண்டுவந்தால் கிண்ணத்தில் எண்ணெய்தான் இருக்கும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து, சின்னச் சதுரங்களாக வெட்டி, பத்து நிமிஷம் வைத்தால் போதும்.

அளவு: 7 அங்குல வட்டக் கேக், முடிந்தபின் ஒரு கிலோவுக்குச் சற்றுக் கூடுதலாக வருவது, அதற்கு உப்பில்லாத வெண்ணெய் 250 கிராம், ஐசிங் சுகர் 500 கிராம், பால் ஒரு மேசைக்கரண்டி, வெனிலா ஒரு டீஸ்பூன், உப்பு ஒரு சிட்டிகை. உள்ளே தடவ, வெளியே பூச, டிசைன் போட எல்லாவற்றுக்கும் இது போதும். ரொட்டிக்குத் தடவும் மஞ்சள் வெண்ணெயை எடுக்காதீர்கள். 250 கிராமில் கிட்டத்தட்ட ஒரு டீஸ்பூன் உப்பு இருக்கும், சர்க்கரையால் அதை மறைக்க முடியாது. மார்ச் முதல் ஜூன் வரை நான் 250 கிராம் வெண்ணெயை 150 ஆகக் குறைத்து, மீதி 100 கிராமுக்கு பேக்கரிப் பொருள் கடையில் கிடைக்கும் ஷார்ட்டனிங், அதாவது கெட்டியான தாவரக் கொழுப்பு, சேர்க்கிறேன். அது வெண்ணெயைவிடக் கூடுதல் சூடு தாங்கும். பாதிக்கு மேல் போனால் வாயில் கரையாமல் மேலண்ணத்தில் மெழுகு போல ஒட்டும். சாப்பிடுகிறவர்கள் சொல்லமாட்டார்கள், தட்டில் மிச்சம் வைப்பார்கள். விப்பிங் கிரீம் கேக் சாப்பிட்டுப் பழகியவர்களுக்கு பட்டர் கிரீம் திகட்டும் என்பதையும் ஆர்டர் எடுக்கும்போதே சொல்லிவிடுங்கள். இரண்டு மேசைக்கரண்டி பால் பவுடர் சலித்துச் சேர்த்தால் தித்திப்பு கொஞ்சம் அடங்கும், கிரீமும் இறுகும்.

வெண்ணெயை மட்டும் கை பீட்டரில் ஐந்து நிமிஷம், வெளுத்து வரும்வரை அடிக்க வேண்டும். சர்க்கரையை மைதா சல்லடையில் இரண்டு முறை சலித்து மூன்று பங்காகச் சேர்க்க வேண்டும். மிக்சியில் வீட்டில் அரைத்த சர்க்கரை எத்தனை சலித்தாலும் நறநறப்பு இருக்கும். உள்ளே தடவ பரவாயில்லை, ஆனால் முள்கரண்டிக் கோடு போடும்போது ஒவ்வொரு குருணையும் ஒரு கீறல் இழுத்துக்கொண்டு போகும். கடைசியில் பீட்டரை ஒதுக்கிவிட்டு, மரக்கரண்டியால் கிண்ணத்தின் ஓரத்தோடு அழுத்தி அழுத்தி இரண்டு மூன்று நிமிஷம் கிளறுங்கள். காற்றுக் குமிழ் வெளியேறத்தான் இது. இதை விட்டால் வழவழப்பாக இழுத்த இடமெல்லாம் அம்மைத் தழும்பு மாதிரி ஓட்டை விழும்.

கிரீம் திரிந்து தயிர் மாதிரி பிரிந்தால் பெரும்பாலும் வெண்ணெய் ரொம்பக் குளிர்ந்திருக்கிறது, அல்லது பாலை மொத்தமாக ஊற்றியிருக்கிறீர்கள். கிண்ணத்தின் அடியை வெந்நீரில் பத்து விநாடி காட்டி அடித்தால் சேர்ந்துவிடும். மாறாக, தளர்ந்து பளபளத்தால் சூடு ஏறிவிட்டது. 15 நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்துத் திரும்ப அடியுங்கள். அப்போது சர்க்கரையைக் கொட்டிக் கெட்டியாக்க நினைப்பதுதான் எல்லோரும் செய்யும் தப்பு, நானும் 200 கிராம் கொட்டினேன். சூட்டால் வந்த தளர்ச்சிக்கு சர்க்கரை மருந்தில்லை. இனிப்பு ஏறும், பத்து நிமிஷத்தில் மறுபடி ஒழுகும்.

நிறத்துக்கு ஜெல் கலர்தான். தண்ணீர் கலர் கொழுப்போடு சேராது, துளித் துளியாகப் பிரிந்து நிற்கும். அரக்கு, சிவப்பு, கருநீலம் போன்ற அடர் நிறங்களை முந்தின நாளே கலந்து வைத்தால் சில மணி நேரத்தில் தானாகவே ஒரு படி அடர்ந்திருக்கும். இது தெரியாமல் அன்றே கலந்து, போதவில்லை என்று மேலும் மேலும் ஊற்றினேன்; கிரீம் கசந்தது, சாப்பிட்ட என் பையனின் நாக்கு மறுநாள் வரை சிவப்பு. அரக்கு வேண்டுமென்றால் சிவப்போடு ஒரு சிட்டிகை கோகோ சேர்த்துத் தொடங்கினால் கலர் பாதி போதும்.

இப்போது கருவிகள். ஒரே ஒரு பொது விதி: கேக்குக்கு என்று புதிதாக வாங்கி, தனி டப்பாவில் வையுங்கள். கிரீமில் கோடு இழுக்க, வீட்டில் தலை வாரிய சீப்பைக் கழுவி எடுக்கிற வேலை வேண்டாம்.

பக்கவாட்டில் வழித்து மட்டமாக்க 30 சென்டிமீட்டர் எஃகு ஸ்கேல் போதும், எண் அச்சடித்த பக்கம் கிரீமில் படாமல் பிடிக்க வேண்டும். சுழல் தட்டுக்குப் பதிலாக, கவிழ்த்த குண்டான் மேல் ஒரு எவர்சில்வர் தட்டு. இரண்டுக்கும் நடுவில் நான்கு சொட்டு எண்ணெய் விட்டால் நன்றாகவே சுற்றும். தட்டின் நடுவில் கேக் போர்டு வழுக்காமல் இருக்க ஈரத்துணி ஒன்று மடித்துப் போடுங்கள்.

டிசைனுக்கு முன்னால் எப்போதும் மெல்லிய முதல் பூச்சு, அதாவது க்ரம்ப் கோட். கேக் துகளை அது பிடித்துக்கொள்ளும். ஃப்ரிட்ஜில் அரை மணி நேரம் வைத்து, தொட்டால் விரலில் ஒட்டாத பிறகு அடுத்த பூச்சு. சீப்புக் கோடு போடப் போகிறீர்கள் என்றால் இந்தப் பூச்சு 8 மில்லிமீட்டராவது இருக்க வேண்டும். மெலிதாக இருந்தால் பல் உள்ளே போய்க் கேக்கைச் சுரண்டும், வெள்ளைக் கிரீமில் பழுப்புத் துகள் வந்து நிற்கும்.

சீப்பு என்று எல்லோரும் சொன்னாலும் என் ஓட்டு ஐஸ்கிரீம் டப்பா மூடிக்குத்தான். உணவுக்கென்று செய்த பிளாஸ்டிக், வளையாது, பல்லை நம் இஷ்டத்துக்கு வெட்டிக்கொள்ளலாம். கத்தரிக்கோலால் முக்கோணப் பல் வெட்டினால் கூரான வரி, சதுரப் பல் வெட்டினால் பட்டையான கோடு. கேக்கின் பக்கத்துக்கு 45 டிகிரி சாய்வில் பிடித்து, கையை அசைக்காமல் தட்டை மட்டும் சுற்ற வேண்டும். பாதியில் நிறுத்தினால் அந்த இடத்தில் ஒரு திட்டு நிற்கும். ஒவ்வொரு சுற்றுக்கும் மூடியைத் துடைக்க வேண்டும்.

எனக்கு விழாவில் சொதப்பிய சேலைக்கரைக் கோடு இந்தச் சதுரப் பல்லில்தான் சரியாக வந்தது. முறை இப்படி: சந்தன நிறக் கிரீமைத் தடித்துப் பூசி, சதுரப் பல் மூடியால் சுற்றிக் குழி எடுங்கள். கேக்கை அப்படியே 30 முதல் 40 நிமிஷம் ஃப்ரிட்ஜில் வைத்து, கல் மாதிரி இறுகவிடுங்கள். பிறகு அரக்குக் கிரீமை, இது கொஞ்சம் இளக்கமாக, கெட்டித் தயிர் பதத்தில், குழிகளுக்குள் போகும்படி பக்கம் முழுவதும் அப்புங்கள். இந்தக் கட்டத்தில் பார்த்தால் வயிற்றைக் கலக்கும். எல்லாம் நாசம் என்றே தோன்றும். ஸ்கேலை நேராக நிறுத்தித் தட்டைச் சுற்றி மேலிருக்கும் அரக்கை வழியுங்கள். முதல் சுற்றில் ஒன்றும் தெரியாது, மூன்றாவது நான்காவது சுற்றில் சந்தனமும் அரக்கும் கத்தி வைத்து வெட்டியது போலப் பிரிந்து நிற்கும். அன்றைக்கு நான் நாசில் வைத்துக் கோடு கோடாகப் பிழிந்தேன். இரண்டு மணி நேரம் ஆனது, கோடும் நேராக இல்லை. இந்த முறையில், குளிரவைக்கும் நேரம் போக, 20 நிமிஷம். அடிக் கிரீம் இறுகாமல் இரண்டாவதை அப்பினால் மட்டும் இரண்டும் கலந்துவிடும், அதற்கு மாற்று வழி கிடையாது.

அடுத்து கரண்டி இதழ். பையில் கிரீமை நிரப்பி, மேலிருந்து கீழாக ஒரு வரிசை பொட்டு வையுங்கள், ஒவ்வொன்றும் ஒரு ரூபாய் நாணயத்தைவிடச் சின்னதாக. டீஸ்பூனின் முதுகைப் பொட்டின் நடுவில் அழுத்தி வலப்பக்கம் இழுத்துவிட்டால் இதழ். அடுத்த வரிசைப் பொட்டை முந்தின இதழின் வால் மேல் வைக்க வேண்டும். ஒவ்வொரு இழுப்புக்கும் கரண்டியைத் துடைக்காவிட்டால் இரண்டாவது இதழ் கிழியும். பார்க்க எளிது, ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 7 அங்குலக் கேக்கின் சுற்றளவு சுமார் 56 சென்டிமீட்டர். வரிசைக்கு இரண்டரை சென்டிமீட்டர் என்றால் 22 வரிசை, வரிசைக்கு ஐந்து பொட்டு, ஆக 110 இதழ். ஒன்றுக்கு 15 விநாடி வைத்தாலும் 27 நிமிஷம். 34 டிகிரி சமையலறையில், கைச்சூடும் சேர்ந்து, பையிலுள்ள கிரீம் பத்து நிமிஷத்தில் இளகிவிடும். அதனால் பையை நிரப்பாதீர்கள். மூன்று கரண்டி கிரீம் போட்ட சின்னப் பைகள் நான்கு தயார் செய்து மூன்றை ஃப்ரிட்ஜில் வைத்துக்கொள்ளுங்கள். கையில் பிடிக்கும் பையைச் சுற்றி ஒரு கைக்குட்டை. ஆறேழு வரிசைக்கு ஒரு முறை கேக்கையும் பத்து நிமிஷம் உள்ளே வைத்து எடுத்தால் முதல் இதழும் கடைசி இதழும் ஒரே மாதிரி இருக்கும்.

பைக்கு, தடித்த ஜிப் பை நல்லது. பால் கவரைக் கழுவியும் செய்யலாம், ஆனால் எத்தனை கழுவினாலும் ஒரு பால் வாடை நிற்கும், எனக்குப் பிடிக்கவில்லை. பட்டர் பேப்பர் கூம்பு மெல்லிய கோட்டுக்குச் சிறந்தது. பெரிய வேலைக்கு நனைந்து பிரியும். முனையை 3 மில்லிமீட்டர் வெட்டினால் கோடும் புள்ளியும், 8 மில்லிமீட்டர் வெட்டினால் இதழுக்கான பொட்டு. முனையை நசுக்கி 'வி' போல வெட்டினால் இலை. முனையின் இருபுறமும் செல்லோ டேப் ஒட்டித் தடிப்பாக்கி, 'டபிள்யூ' போல வெட்டினால் நட்சத்திர நாசில் வேலையில் முக்கால்வாசி ஆகிவிடும். அந்த டேப் கிரீமில் படக்கூடாது, வெளிப்பக்கம் மட்டும்.

முள்கரண்டி மேற்பரப்புக்கு. ஒரு பக்கமிருந்து எதிர்ப்பக்கம் நேராக இழுத்து, பக்கத்தில் அடுத்த வரியை எதிர்த் திசையில் இழுத்தால் பாய் முடைந்த மாதிரி வரும். லேசாக ஆட்டி இழுத்தால் அலை. கரண்டியைப் படுக்க வைத்து இழுக்க வேண்டும், நிமிர்த்தினால் உழும். வேறு நிறத்தில் வட்ட வட்டமாகக் கோடு பிழிந்து, பல் குத்தும் குச்சியால் நடுவிலிருந்து வெளியே ஒரு முறை, வெளியிலிருந்து நடுவுக்கு ஒரு முறை என்று மாறி மாறி இழுத்தால் பூ வடிவம். இதற்கு மட்டும் இரண்டு கிரீமும் இளக்கமாக இருக்க வேண்டும், பிழிந்த ஐந்து நிமிஷத்துக்குள் இழுத்துவிட வேண்டும். வெயில் நமக்கு உதவுகிற ஒரே டிசைன் இது.

முறுக்கு அச்சைப் பற்றி நிறையப் பேர் பெருமையாகச் சொல்வார்கள். ஒற்றை நட்சத்திரத் தட்டு போட்டு, அச்சையே 15 நிமிஷம் ஃப்ரிட்ஜில் குளிரவைத்து, கெட்டிக் கிரீமை நிரப்பினால் கேக்கின் அடியில் கயிறு போன்ற விளிம்பு அருமையாக வரும், உண்மைதான். ஆனால் உள்ளே காற்று அடைபட்டால் டப்பென்று வெடித்துக் கிரீமைத் துப்பும், மேற்பரப்பில் அதைத் தூக்கிப் பிடித்து வேலை செய்யக் கை வலிக்கும். போன தீபாவளியின் எண்ணெய் வாடை வேறு. அடி விளிம்போடு நிறுத்திக்கொள்ளலாம்.

கோல ஸ்டென்சில் எனக்கு மிகப் பிடித்தது. ஓஹெச்பி ஷீட்டில், அதாவது கண்ணாடி மாதிரியான பிளாஸ்டிக் தாளில், எளிய பூக்கோலத்தை வரைந்து பிளேடால் வெட்டுங்கள். ஓட்டை 4 மில்லிமீட்டருக்குக் குறைந்தால் கிரீம் உள்ளே நிற்காது, ஷீட்டோடு வந்துவிடும். இழைகள் தனித்தனியாக விழாமல் இடையிடையே பாலம் விட்டு வெட்ட வேண்டும், அதனால் சிக்குக் கோலம் சரிப்படாது. கேக்கை நன்றாக இறுகவைத்து, ஷீட்டை வைத்து, மேலே கிரீம் தடவி, ஸ்கேலால் ஒரே முறை வழித்து, செங்குத்தாகத் தூக்குங்கள். இரண்டாவது முறை வழித்தால் கிரீம் ஷீட்டுக்கு அடியில் கசியும். மார்கழியில் தெருவில் விற்கும் கோலப்பொடித் தகர அச்சின் ஓட்டை ரொம்பச் சின்னது, கிரீமுக்கு ஆகாது. கோகோ பவுடர் தூவத் தோதானது. அதையும் கேக் கிளம்பும் நேரத்தில்தான் தூவ வேண்டும். முன்பே தூவினால் கிரீமின் ஈரத்தை உறிஞ்சிக் கருத்துப் படர்ந்துவிடும்.

இவ்வளவையும் பழகக் கேக் தேவையில்லை. ஒரு பாத்திரத்தைக் கவிழ்த்து அதன் மேலேயே பூசி, வரைந்து, வழித்து, அடித்து, மறுபடி பூசலாம். பழகுவதற்கு மட்டும் வனஸ்பதியும் சர்க்கரையும் கலந்து ஒரு டப்பாவில் வைத்திருக்கிறேன், 150 ரூபாய்க்குள் ஒரு மாதம் ஓடியது.

நேரத்தைப் பொறுத்தவரை, ஏசி இல்லாத வீட்டில் மே மாதம் டிசைன் வேலை விடியற்காலை நான்கரைக்குத் தொடங்கி ஏழுக்குள் முடிய வேண்டும். அப்போது என் சமையலறை 29 டிகிரி. மின்விசிறி நேராகக் கிரீமில் படக்கூடாது, மேல்தோல் காய்ந்து கோடு வெடிக்கும். கரண்ட் போனால் பெரும்பாலான வீட்டு இன்வெர்ட்டர் ஃப்ரிட்ஜை இழுக்காது. கதவைத் திறக்காமல் விட்டுவிடுங்கள், ஆவலில் திறந்து பார்த்தால் கேக்குக்குத்தான் நஷ்டம். ஃப்ரிட்ஜில் கருவாடோ பூண்டு ஊறுகாயோ இருந்தால் கேக்கை மூடிய டப்பாவில் வையுங்கள், வெண்ணெய் எல்லா வாடையையும் வாங்கிக்கொள்ளும்.

கொண்டுபோவது தனிக் கலை. முந்தின இரவு முழுவதும் ஃப்ரிட்ஜில் இருந்த கேக், உள்வரை குளிர்ந்திருந்தால் ஏசி காரில் ஒரு மணி நேரம் தைரியமாகப் போகும். நான் அன்றைக்கு மூன்று மணி நேரம் வெளியே வைத்திருந்துவிட்டுக் கிளம்பினேன்; அதுதான் பெரிய பிழை. போர்டின் மேல் ஒரு கரண்டி கிரீம் தடவி அதன் மேல் கேக்கை உட்காரவைத்தால் வேகத்தடையில் நகராது. போர்டு கேக்கைவிட 2 அங்குலமாவது பெரிதாக இருக்கட்டும். பெட்டியை மடியில் வைக்காதீர்கள், தொடைச் சூடு அடியில் ஏறும், சாய்வும் வரும். முன் இருக்கைக்குக் கீழே கால் வைக்கும் தளம்தான் காரில் மட்டமான இடம். அங்கே ரப்பர் விரிப்புப் போட்டு அதன் மேல் பெட்டி. கிளம்புவதற்கு 20 நிமிஷம் முன்பே டிரைவர் அண்ணாவிடம் ஏசியைப் போட்டு வண்டியைக் குளிரவைக்கச் சொல்லுங்கள். டீசலுக்கு ஐம்பது ரூபாய் சேர்த்துக் கொடுத்துவிடலாம்.

போய்ச் சேர்ந்ததும் பெட்டியைத் திறக்க அவசரப்படாதீர்கள். குளிர்ந்த கேக் மேல் வெளிக்காற்று பட்டால் வியர்த்து, அரக்கு வெள்ளையில் இறங்கும். மூடியபடியே 15 நிமிஷம் இருந்தால் அந்த வியர்வை பெட்டியின் மேல் படியும், கேக்கின் மேல் இல்லை. அதன்பின் நம் ஊர் வெயிலில் 20 நிமிஷத்துக்குள் வெட்டிவிட வேண்டும். மாப்பிள்ளை வீட்டார் இன்னும் வரவில்லை என்றால் பெட்டி மூடியபடியே ஏசி அறையில் காத்திருக்கட்டும், மேடையில் மேசை அலங்காரத்துக்கு வெறும் ஸ்டாண்டை வைத்துவிடுங்கள். ஆர்டர் வாங்கும்போதே இதை எழுத்தில் அனுப்பிவிடுகிறேன், "கேக்கு எங்கம்மா?" என்று அப்போதும் ஒரு அத்தை கேட்கத்தான் செய்கிறார்.